நீலத் தொப்பிக்கு எதிராக ஒரு மனு

மார்ச் 10, திங்கள்

பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. லாட்ஜில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வேங்கிக்கால், கலெக்டர் ஆபீஸ். மனு நாள். வாசலில் போலீஸ்காரம்மா என் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்தாள், மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. என்னைக் கொளுத்திக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா? என் கோபம் டெல்லி மேல்.

மனு நானே எழுதியது. மூன்று தடவை கிழித்துப் போட்டு எழுதினேன். சாரம்:

1. என் கணவர் ஏழுமலை, ராணுவத்தில் ஹவில்தார். பதினோரு மாதமாகத் தெற்கு சூடானில், நீலத் தொப்பி போட்ட ஐ.நா. அமைதிப்படையில்.
2. அது நம் எல்லை இல்லை. நம் சண்டையும் இல்லை.
3. ஆள் அனுப்புவது என்று முடிவு செய்தவர்கள் யார்? அவர்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் போனார்கள்?
4. என் கணவரை உடனே திருப்பி அனுப்பவும்.

பதிவு செய்கிற பெண் இது எந்த வகை மனு என்று கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்த்தாள். பட்டா இருக்கிறது. ரேஷன் கார்டு இருக்கிறது. முதியோர் உதவித்தொகை இருக்கிறது. "நாட்டோட கொள்கைன்னு எதுவும் இல்லியேக்கா" என்றாள். கடைசியில் 'இதர' என்று போட்டாள். நாளை முன்னாள் படைவீரர் ஆபீஸில் போய்க் கேட்கச் சொன்னார்கள்.

பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

அந்த ஆபீஸில் ஒரு ரிட்டயர்ட் சுபேதார். மீசைக்கு டை. மனுவை இரண்டு தடவை படித்தார். சிரித்தார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, நம்ம நாடு கண்டவன் கூப்பிட்டா ஆள் அனுப்பாது. ஐ.நா. கொடி இருந்தாதான் போவோம். ரொம்பக் காலமா அதான் கொள்கை. உலகத்துல நமக்கு ஒரு மரியாத வேணும்ல?"

"மரியாத யாருக்குங்க சார்? பணக்கார நாட்டுக்காரன் ஏன் ஆள் அனுப்பல?"

"அவன் துட்டு குடுக்கறான்."

"துட்டு அவன் குடுப்பான், புருஷன நான் குடுக்கணுமா?"

பக்கத்து மேஜைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சுபேதார் குரலைத் தணித்தார்.

"கோச்சுக்காதம்மா. ஆர்டர் பட்டாலியனுக்குத்தான் வரும். போறியா இல்லியான்னு ஆளாளுக்குக் கேட்டு எழுதி வாங்குவாங்க. வில்லிங், அன்வில்லிங். உம் புருஷன் வில்லிங் குடுக்காம பிளேன் ஏறியிருக்க முடியாது. இதுக்குப் போட்டி எவ்ளோ ஜாஸ்தி தெரியுமா?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

"ஆர்டர் வந்துடுச்சு செல்வி, நான் என்னா பண்ண முடியும்?" போன வருஷம் என் வீட்டுக்காரர் சமையலறையில் நின்று சொன்னது. அழாத குறை. நானும் நம்பி, தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன். பதினோரு மாதமாக டெல்லியைத் திட்டினேன். டிவியில் எந்த மந்திரி முகம் தெரிந்தாலும் திட்டினேன்.

அவர் என்று எழுத இன்று கை வரவில்லை. அவன். பொய்யன்.

மார்ச் 13, வியாழன். பௌர்ணமி.

லாட்ஜ் நிரம்பி வழிகிறது. செங்கம் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. ஆறு அறைக்கு விரிப்பு மாற்ற வேண்டும், சலவைக்காரர் வரவில்லை. தண்ணீர் லாரி லேட். எல்லோரும் மேனேஜரம்மா மேனேஜரம்மா என்று என் உயிரை எடுக்கிறார்கள்.

சாயந்திரம் மாமியார் கிரிவலம் கிளம்பினார். மகன் போனதிலிருந்து ஒரு பௌர்ணமி விடவில்லை. பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாமல். "எம் புள்ளைய இழுத்துக்கினு போனவங்க மனசு மாறணும்னு வேண்டிக்கிறேன்" என்றார். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, தானாகப் போனான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் பாத வெடிப்பைப் பார்த்தால் அவன் மேல் இன்னும் கோபம் வருகிறது.

மாடி அறை வெள்ளைக்காரம்மா. மூன்று மாதமாக இங்கே தியானம். என் கணவர் எங்கே என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். அமைதிக்காக வேலை செய்வது எவ்வளவு அழகு என்றாள். உங்கள் நாட்டிலிருந்து எத்தனை பேர் அங்கே என்று கேட்டேன். எங்கள் நாட்டு அம்மாக்கள் இனிமேல் பிள்ளைகளை அனுப்ப விடமாட்டார்கள் என்றாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இங்கே மட்டும் அம்மாக்கள் இல்லையா? கையை உருவிக்கொண்டு கீழே வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. பாப்பா எடுத்தாள். "அம்மா குளிக்கறாங்கப்பா." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் பொய் சொல்லப் பழகிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

மதியம், ரசம் நுரை கட்டும் நேரம், போன். எடுத்தேன்.

"வில்லிங் குடுத்துட்டுத்தான போனீங்க?"



"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்னா? ஆர்டர்னு ஏன் பொய் சொன்னீங்க?"

"வில்லிங்னா என்னத் திட்டுவ. ஆர்டர்னா கவர்மெண்ட்டத் திட்டுவ. கவர்மெண்ட்டு தாங்கும் செல்வி. நான் தாங்கமாட்டேன்."

கத்தினேன். மாமியாரின் கால், பாப்பா காய்ச்சலில் கிடந்த வாரம், கலெக்டர் ஆபீஸ் வரிசை, எல்லாம். மொட்டை மாடியில் துணி காயப்போடும் மாமியாருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது.

நான் முடித்ததும் மெதுவாகச் சொன்னான். இந்த மாதக் கடைசியில் இவர்கள் தவணை முடிகிறதாம், ஆனால் மாற்று பட்டாலியன் வர இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை கொஞ்சம் பேர் தங்க வேண்டுமாம். நாளைக் காலை பேப்பர் வருகிறது. மறுபடி வில்லிங், அன்வில்லிங்.

"இந்த வாட்டி நீயே சொல்லு. என்னா போடட்டும்?"

"அப்படி என்னாதான் பண்றீங்க அங்க?"

"அகதி முகாம்ல இருக்கற பொம்பளைங்க வெறகுக்கு வெளிய போவாங்க. கூட நடப்போம். அவ்ளோதான்."

"நீங்க நடக்கலன்னா?"

"அப்பவும் போவாங்க. சோறாக்கணுமே. வழியில துப்பாக்கி வெச்சிக்கினு ஆளுங்க நிப்பானுங்க." அப்புறம், "நாங்க ஆளு கம்மியாயிட்டா தெனமும் கூடப் போக முடியாது" என்றான். அந்த ஆட்கள் என்ன செய்வார்கள் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முடிவு செய்தது யார், யார் என்று மனு போட்டுக் கேட்டவளிடமே முடிவைத் தள்ளிவிடுகிறான். கோழை.

"அன்வில்லிங் போடுங்க. வந்துடுங்க."

"சரி."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசுவான், நன்றாகச் சண்டை போடலாம் என்று இருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

காலையில் மெசேஜ். "போட்டாச்சு. 28 பிளேன்."

மாமியாரிடம் சொன்னேன். தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் கோயிலுக்கு ஓடினார். பாப்பா கட்டிலில் ஏறிக் குதித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வாங்க வேண்டியது: தலையணை உறை, அவருக்குக் கேழ்வரகு மாவு, ஜாமெட்ரி பாக்ஸ்.

லாட்ஜுக்குக் கிளம்பும் முன் டீ போட கேஸைப் பற்றவைத்தேன். ஒரு திருகு, பற்றிக்கொண்டது. 29-ஆம் தேதி காலையில் விறகுக்குப் போகிற அந்தப் பொம்பளைகளோடு யார் நடப்பார்கள்? டெல்லியைத் திட்டலாம் என்று பார்த்தால் வாய் வரவில்லை. அன்வில்லிங் சொன்னது நான்.