சுன்னாகத்து மேல்வீடு

அக்கா,

இன்று காலை சுன்னாகத்தில் ரயில் ஏறி யன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் கைலேஞ்சியை விரித்து முகத்தைத் துடைத்தாள். ஓடிக்கொலோன் மணம். பஸ்ஸில் தலை சுற்றும் என்று நீங்கள் கைலேஞ்சியில் விட்டுக்கொண்டு போவீர்களே, அதே மணம். யாழ்ப்பாணம் வரும்வரை நான் உங்களோடுதான் இருந்தேன்.

பதினொரு வருடங்களுக்கு முன் நான் வீடு தேடி அலைந்தது உங்களுக்குத் தெரியும். மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுடைய தகப்பனைப் பிரிந்து கொடிகாமத்தில் அம்மாவோடு இருந்தேன். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை கிடைத்தது. கொடிகாமத்திலிருந்து போய்வந்தால், பிள்ளை நித்திரையான பிறகுதான் வீடு சேர முடியும். நகரத்து வாடகை எனக்குக் கட்டாது. அதனால்தான் ரயில் நிற்கும் சுன்னாகத்தில் தேடினேன்.

போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி: அவர் எங்கே? வெளிநாட்டில் என்று சொல்லச் சொல்லித் தம்பி பழக்கியிருந்தான். ஓரிடத்தில் சொல்லியும் பார்த்தேன். எந்த நாடு என்று கேட்டார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

உங்களிடம் வந்தபோது முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். வீடு கனடாவில் இருக்கும் உங்கள் அண்ணையுடையது. கல்யாணம் செய்யாத நீங்கள் கீழே தனியாக இருந்து அதைப் பார்த்துக்கொண்டீர்கள். மேலே இரண்டு அறையும் சமைக்கிற குசினியும் பூட்டிக் கிடந்தன. நான் முந்திக்கொண்டு, பிரிந்து வாழ்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மகளை ஒருதரம் பார்த்தீர்கள்.

"மேலை தண்ணி ஏறாது, மோட்டர் பழுது. வாளியிலை தூக்க ஏலுமோ?"

"ஓம்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வாரும்."

அவ்வளவுதான். வேறு எதையும் நீங்கள் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை.

நீங்கள் லேசான ஆள் இல்லை. மேலே கதிரை இழுபட்டால் கீழேயிருந்து கூட்டுகிற தும்புத்தடியால் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். அரை மணித்தியாலத்தில் ஒடியல் கூழ் ஆறுகிறது என்று நீங்களே கூப்பிடுவீர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் உங்கள் விறாந்தையில்தான் இருப்பாள். வாய்ப்பாடு பிழைத்தால் என்னைவிட நீங்கள்தான் கூடக் கோபிப்பீர்கள்.

ஆறு மாதம் போயிருக்கும். புருசனை விட்டுவிட்டு வந்தவளை மேலே வைத்திருக்கிறாள் என்று எங்கள் ஒழுங்கை வீடுகளில் யாரோ கனடாவுக்குச் சொல்லிவிட்டார்கள். மாத முடிவுக்குள் அவளை வீட்டைவிட்டு எழுப்பிவிடு என்று அண்ணை உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நீங்கள் என்னிடம் மூச்சு விடவில்லை. போன் ஸ்பீக்கரில் அதைக் கேட்ட மகள்தான் மேலே வந்து சொன்னாள்.

நீங்களும் அந்த அண்ணையின் தயவில் இருப்பவர் என்பது எனக்குத் தெரியும். என்னால் உங்களுக்கு இடமில்லாமல் போகக்கூடாது. மருதனார்மடத்தில் ஓர் அறை பேசிவிட்டு, உடுப்புகளைக் கட்டத் தொடங்கினேன். படி ஏறவே மாட்டாத நீங்கள் அன்றைக்கென்று ஏறி வந்து மூட்டைகளைப் பார்த்தீர்கள். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் காலையில் கூப்பிட்டீர்கள்.

"என்னைக் காப்பாத்தத்தான் வீட்டை விட்டுப் போறீரெண்டு தெரியும். நான் கேட்டனானோ? என்னட்டைக் கேளாமல் எனக்காக முடிவெடுக்காதையும்."

என்னை இருத்திவைத்துக்கொண்டே அண்ணைக்கு அழைத்தீர்கள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள். 

"அண்ணை, உவையை எழுப்பினால் நானும் எழும்புவன். வீட்டுத் திறப்பை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு சொல்லுங்கோ."

 மறுபக்கத்தில் லைன் துண்டானது. அடுத்த இரண்டு கிழமையும் போன் அடித்தால் நீங்கள் திடுக்கிட்டீர்கள். ஒருநாள் அண்ணை அழைத்து, கிணற்றடி மாமரம் காய்த்ததா என்று கேட்டார். வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது மேலே வந்து தேத்தண்ணி குடித்தார். திரும்பிப் போகுமுன் ஆள் பிடித்து மோட்டரும் திருத்தினார்.

நீங்கள் கண்ணை மூடிய அந்த மாதத்தில், ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கஞ்சி பருக்கியது மகள்தான். உப்பு இல்லை என்று அவளைப் பேசினீர்களாம். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்து சொன்னாள்.

போன மாதம் கொடிகாமத்தில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தா. பெரிய அடி இல்லை. ஆனாலும் இனித் தனியே விடக்கூடாது, சுன்னாகத்துக்குக் கூட்டிவருவது என்று நானும் வவுனியாவில் இருக்கும் தம்பியும் போனிலேயே தீர்த்துக்கொண்டோம். வாடகைக்கு வான் பிடித்துக்கொண்டு போய் அம்மாவின் சேலைகளை அடுக்கினேன். அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. பாதியில் என் கை நின்றுவிட்டது, அக்கா. அதுவரை நாங்கள் அவவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

"அம்மா, உங்களுக்கு வர விருப்பமோ?"

அம்மா அடுக்கிய சேலைகளில் ஒன்றை எடுத்து மடியில் வைத்தா. "இல்லைப் பிள்ளை. இஞ்சை இருக்கத்தான் விருப்பம்."

வானைத் திருப்பி அனுப்பினேன். தம்பிக்கு இன்னும் கோபம். நான் வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து கொடிகாமம் பஸ் ஏறுகிறேன். மற்ற நாட்களில் சின்னம்மா துணைக்கு வந்து படுக்கிறா. போன் எடுக்க அம்மா சுணங்கினால் உடனே சின்னம்மாவுக்கு அழைக்கிறேன். பயம் போகவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன், அக்கா.