குச்சி தானாக இறங்க வேண்டும்

ஆடி 2, சனி

காலையிலிருந்து மேகம். மழை இல்லை. துவைத்தது: நைனா வேட்டி, பாவா சட்டை இரண்டு, அக்கா நைட்டி. எதுவும் காயவில்லை.

நாள் முழுக்கக் கொல்லையில், கிரில் பக்கத்தில். முகமெல்லாம் புகை வாசனை.

கிரில் என்று சொல்வது அக்கா வீட்டுக்காரர் பாவா மட்டும்தான். அம்மாவுக்கு அது "அந்த டிரம்மு". சென்னையில் கம்பெனி ஆளைக் குறைத்ததும் பாவா அக்காவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். வந்த வாரமே எண்ணெய் டிரம்மை அறுத்து, வெல்டிங் வைத்து, இதைச் செய்தார். பக்கத்தில் ஒரு மேல்தொட்டி. அதில் குச்சி கொட்ட வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சி, சுண்டுவிரல் பருமன், கம்பெனி பாய்லருக்கு வருவது. தொட்டிக்குக் கீழே குழாய், குழாய்க்குள் திருகு, திருகைச் சுற்ற லாரி வைப்பர் மோட்டார். திருகு சுற்றினால் குச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குள் விழும். யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அப்படித்தான் பாவா சொன்னார்.

விழுவதில்லை. தொட்டி நிறையக் குச்சி இருக்கும், கீழே வெற்றாக இருக்கும். ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக் கூரை கட்டிக்கொள்கிறது. அதனால் நான். கரண்டிக் காம்பால் குத்திவிட்டுக்கொண்டே இருப்பது என் வேலை.

அம்மா: "கோழித்தீனி மாதிரி கீது. கோழிய சுடறதுக்கு கோழித்தீனி. நல்லா கண்டுபுட்ச்சாரு உங்க பாவா."

எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ரோடு, நைனாவின் டீக்கடை, ஆட்கள். இந்தப் பக்கம் நானும் முருங்கை மரமும். யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆடி 3, ஞாயிறு

வெயில். கோழி நாள். ஆடி என்பதால் கூட்டம் பாதிதான்.

அக்கா கடை முன்னால் நின்று பொட்டலம் கட்டிக்கொடுக்கிறாள். ஏழாம் மாதம். கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்புவதற்குள் தீ அணைந்துவிட்டது. மேலே கறுத்து உள்ளே சிவப்பாக ஒரு கோழி. கே.ஜி. கண்டிகையிலிருந்து வந்தவர் பிய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, உயிரோட கீதே, கூவுமா?" என்றார். நைனாதான் சமாதானம் சொல்லி டீ கொடுத்தார்.

சாயங்காலம் பாவாவுக்கு போன். பழைய சூப்பர்வைசர். புனே பக்கம் வேலை இருக்கிறதாம், கிருத்திகை முடிந்து வந்துவிடச் சொன்னாராம். பாவா "பாக்கறேன் சார், பாக்கறேன் சார்" என்று பத்துத் தடவை சொன்னார்.

அக்கா சாப்பிடவில்லை.

ஆடி 4, திங்கள்

யோசித்ததை எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

டீக்கு நைனா. சுட பாவா. முன்னால் நிற்க அக்கா. குத்திவிட நான். அம்மாவுக்குச் சமையல், மாடு.

அக்கா இன்னும் ரொம்ப நாள் நிற்க முடியாது. புகையில் உட்காரவும் கூடாது என்று நர்சம்மா சொல்லிவிட்டார்கள். அப்போது முன்னால் யார்? குச்சி தானாக இறங்கினால் நான் போகலாம். இறங்காவிட்டால் ஆள் இல்லை, கிரில்லை மூட வேண்டும், பாவா புனே போவார். குழந்தை பிறக்கும்போது அக்கா பக்கத்தில் அவர் இருக்க மாட்டார்.

ஆக, குச்சி இறங்க வேண்டும். இறங்கினால் நான் முன்னால் போக வேண்டும்.

முன்னால் என்று நினைத்ததுமே பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. ஒன்பதாவதில் எழுந்து நின்று வாசி என்பார்கள். எழுந்து நிற்பேன். குரல் வராது. பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு. பத்தாவதுக்கு நான் போகவே இல்லை. நைனாவும் ஏன் என்று கேட்கவில்லை.

மாட்டுக்குத் தவிடு வாங்க வேண்டும்.

ஆடி 5, செவ்வாய்

கோழி இல்லை. பாவா தொட்டியைக் கழற்றிப் பக்கங்களை இன்னும் செங்குத்தாக வைத்து ஒட்டினார். நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். "கண்ண மூடிக்கோ சுசீலா" என்பார், மூடுவேன், பொறி பறக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

முன்னைவிடப் பரவாயில்லை. கொஞ்ச நேரம் தானாக இறங்கியது, பிறகு நின்றது. குத்தினேன். மறுபடி நின்றது.

அடியில் தூள் சேர்கிறது. குச்சி உடைந்த தூள். சலித்துவிட்டுக் கொட்டினால் நல்லது என்று தோன்றியது. அம்மாவின் பழைய கோதுமைச் சல்லடையை எடுத்தேன்.

"அத ஏன்டி எடுத்த?"

"சலிக்க."

"மாவு சலிக்கறதுல மரத்த சலிப்பியா? அப்புறம் எனக்கு மரச் சப்பாத்தியா?"

ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஆடி 6, புதன்

காற்று. முருங்கை ஒரு கிளை முறிந்தது.

கேழ்வரகு அரைக்க மில்லுக்குப் போனேன். நாலைந்து பெண்கள் எனக்கு முன்னால். எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், கிருத்திகை அன்றைக்கு (நீளமாக இருக்கிறது, இனி கி. என்றே எழுதுகிறேன்) யார் யார் காவடி, யார் நடந்து போகிறார்கள் என்று. ஒருத்தி என்னிடம், "நீ டீக்கட பொண்ணுதான? வாயில இன்னா வச்சிகினு கீற, பேச மாட்டியா?" என்றாள். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்லவேளை மெஷினைப் பார்த்தேன்.

மேல்தொட்டிக்குக் கீழே ஒரு கட்டை தொங்குகிறது. மெஷின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதைத் தூக்கி விடுகிறது. அது போய்த் தொட்டியில் டக் என்று அடிக்கிறது. டக், டக், டக். அதனால் தானியம் கூரை கட்டுவதில்லை. எத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். ஏன் என்று நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். பாவா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

ஆடி 7, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. குத்திக்கொண்டே இருந்தேன்.

அக்கா ஒரு தடவை கொல்லைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். புகை வரும் உள்ளே போ என்றேன். "நீ இங்க ராணி மாதிரி குந்திகினு கீற" என்றாள். கிண்டல்தான். எனக்கு முகம் சுட்டது.

சோளக்கருது ஒரு மூட்டை திருவாலங்காட்டிலிருந்து வந்து இறங்கியது. கி. அன்றைக்கு திருத்தணி மலைக்கு நடக்கிறவர்களுக்குக் கோழி கூடாது. கருது சுட்டுத் தருவது என்று பாவா திட்டம்.

ஆடி 8, வெள்ளி

என்ன நாள் இது.

காலையில் நான் கருது தோல் உரித்துக்கொண்டிருந்தேன். பாவா திருத்தணிக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போயிருந்தார். அம்மா குளித்து, வெள்ளிக்கிழமை வாசல் கழுவினாள். கழுவிவிட்டு மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு கொல்லைக்கு வந்தாள்.

கோழி சுட்ட அடுப்பு. அதில் சுட்டதைக் காவடிக்காரர்கள் சாப்பிடப் போகிறார்கள். தீட்டுக் கழிக்க வேண்டாமா? டிரம் மேல் ஊற்றினாள். கம்பி மேல் ஊற்றினாள். மேல்தொட்டி மூடியைத் திறந்து அதற்குள்ளேயும் ஊற்றினாள். உள்ளே நேற்று நான் கொட்டிய குச்சி அரைத் தொட்டிக்கு மேல். பிறகு தொட்டிக்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் பார்த்தபோது குச்சி எல்லாம் பொங்கிக்கொண்டிருந்தது. புட்டு மாதிரி. குச்சியே இல்லை, ஈரத் தூள்.

பாவா வந்தார், தெரியாமல் சுவிட்சைப் போட்டார். ம்ம்ம் என்று முனகல், பிறகு தீய்ந்த வாசனை. மோட்டார் போயிற்று. குழாய்க்குள் தூள் இறுகித் திருகைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

பாவா: "யாரு தண்ணி ஊத்துனது?"

அம்மா: "நாந்தான். சாமி காரியம்."

"அத்த, அது மரத்தூளு அத்த. தண்ணி பட்டா ஊறிடும்."

"மஞ்சத் தண்ணிக்கு ஊறுற பொருள்ல இன்னா சமையலு? நல்ல வெறகு ஊறுமா? புளியங்கட்டைய ஏரியில போட்டாகூட எரியும்."

பாவா வயரைக் கழற்றினார். கை கழுவினார். நைனாவிடம் போய், "மாமா, நான் புனே போயிடறேன்" என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்கா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொட்டியில் குங்குமப் பொட்டு அப்படியே இருக்கிறது.

ஆடி 9, சனி

தூறல்.

காலையிலிருந்து குழாயைச் சுரண்டினேன். யாரும் சொல்லவில்லை, நானாக. முதலில் கரண்டி. பிறகு துடைப்பக் கம்பி. பிறகு நைனாவின் பழைய குடைக்கம்பி, அதுதான் உதவியது. உள்ளே செங்கல் மாதிரி. மஞ்சள் நிறச் செங்கல்.

மத்தியானம் அம்மா வந்து பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இருவரும் சுரண்டினோம். ரொம்ப நேரம் கழித்து, "அவரு போயிட்டா பாவம் அவ" என்றாள். அம்மாவிடமிருந்து அதுவே பெரிது.

சாயங்காலம் திருகு கையால் சுற்ற வந்தது.

பாவா பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

நான் வாசற்படியில் நின்றேன். அக்காவிடம் சொல்லி அக்கா சொல்லட்டும் என்றுதான் போனேன். அக்கா நிமிரவே இல்லை. அதனால் நானே.

"பாவா, தொட்டியில ஒரு கட்ட தொங்க விட்டா?"

"இன்னாது?"

"மாவு மில்லுல இருக்குற மாதிரி. திருகு சுத்தறப்போ அது தூக்கி அடிக்கும். குச்சி கூர கட்டாது."

இவ்வளவு நீளமாகப் பாவாவிடம் நான் பேசியதே இல்லை. அவர் பெட்டித் துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் கொல்லைக்கு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே வந்து, குழாய் முனையில் விரலை வைத்து, "இங்க ஒரு கொக்கி ஒட்டணும்" என்றார்.

ஆடி 10, ஞாயிறு

கடையில் கோழி கிடையாது என்று நைனா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாவா பழைய இரும்புக் கடையிலிருந்து வேறு வைப்பர் மோட்டார் கொண்டுவந்தார். திருகின் முனையில் ஒரு கொக்கி. கொக்கி தூக்கிவிடப் புளியங்கட்டை. கட்டையை அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். "இது ஊறாது" என்றாள். பாவா முதல் தடவையாகச் சிரித்தார்.

முதல் கட்டை கனம், தொட்டி நசுங்கியது. செதுக்கினோம். அடுத்து ரொம்ப இலேசு, தட்டுவதே கேட்கவில்லை. தட்டும் இடமும் முக்கியம். மேலே தட்டினால் குச்சி இன்னும் இறுகுகிறது. கீழே, கழுத்துப் பக்கம் தட்டினால் சரசரவென்று இறங்குகிறது. இது நான் கையால் தட்டிப் பார்த்துச் சொன்னது.

ஒரு பாக்கு போடும் நேரம் ஓடியது. மின்சாரம் போனாலும் ஓடும், பேட்டரி. பாவா, "நாளைக்கு பூரா ஓட விட்டுப் பாக்கலாம்" என்றார். புனேயைப் பற்றி யாரும் பேசவில்லை. பெட்டி இன்னும் கீழேதான் இருக்கிறது.

ஆடி 11, திங்கள்

ஓடியது. காலையில் மூட்டியது, சாயங்காலம் வரை. சலித்த குச்சி மட்டும். தொட்டி மூடிமேல் அம்மா சாக்கு போட்டாள், தூறல் படாமல் இருக்க.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், கரண்டி மடியில். ஒரு தடவைகூடக் குத்த வேண்டியிருக்கவில்லை. டக், டக். சந்தோஷமாகத்தான் இருந்தது. கை மட்டும் சும்மா இருக்கத் தெரியாமல் மண்ணில் கோடு போட்டது.

இரவுச் சாப்பாட்டில் நைனா என்னைப் பார்க்காமல், சோற்றைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு கூட்டமா இருக்கும். பெரியவ தேவகி குந்திக்கட்டும். சின்னவ முன்னால நிக்கட்டும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஆங் என்றேன்.

ஆடி 12, செவ்வாய். கி.

விடிவதற்கு முன்பே ரோடு நிறைய மஞ்சள் துணி. அரோகரா, அரோகரா. தெலுங்கில் ஒரு கூட்டம், தமிழில் ஒரு கூட்டம், பம்பைச் சத்தம். கனகம்மாசத்திரம் பக்கமிருந்து நடந்து வந்தவர்கள் காலெல்லாம் புழுதி.

அக்காவின் இடத்தில் நான். முன்னால் கருதுத் தட்டு, உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை. யாராவது கேட்டால் எடுத்து நீட்டினேன். எவ்வளவு என்றால் விரல் காட்டினேன். ஒரு பெரியம்மா, "ஐயோ பாவம், ஊமையா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அக்கா நாற்காலியிலிருந்து, "ஊம இல்லீங்க, மௌன விரதம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.

வெயில் ஏறியது. கூட்டம் நெருக்கியது. பாவா சுட்டதைக் கொண்டுவந்து வைப்பதும் ஓடுவதுமாக இருந்தார். ஒரு காவடிக் கூட்டம் எதிரே நின்று ஆடியது, பாவாவும் நைனாவும் சாலை ஓரம் போய் அவர்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சத்தம் நின்றது. பம்பை நிற்கவில்லை. சுவருக்குப் பின்னால் டக் டக் நின்றுவிட்டது. அத்தனை சத்தத்திலும் எனக்கு அது தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியவில்லை. கொக்கி நழுவியிருக்க வேண்டும். தீ அணைந்தால் தட்டில் இருப்பதோடு சரி.

நான் உள்ளே ஓடியிருக்கலாம். ஒரு கணம் கால் திரும்பியது. முன்னால் பத்துக் கைகள் நீண்டிருந்தன.

"பாவா! தட்டறது நின்னுபோச்சு! கொக்கிய பாருங்க!"

இவ்வளவு பெரிய குரல் எனக்கு இருக்கிறது என்று தெரியாது. பம்பைக்காரரே திரும்பிப் பார்த்தார். பாவா குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஊமை என்ற பெரியம்மா மார்பில் கை வைத்து, "முருகா!" என்றாள். பிறகு என்னிடம், "எனக்கு காரம் கம்மியா ஒண்ணு குடுமா, பேசற பொண்ணே."

"காரம் கம்மியா ஒண்ணு" என்று நானும் சொன்னேன். கொடுத்தேன். அடுத்தவர், அடுத்தவர்.

டக், டக் திரும்ப வந்தது.

ஆடி 13, புதன்

தெளிவான வானம். ரோடெல்லாம் சோளச் சக்கை, பூ. பெருக்கினேன்.

பாவா காலையில் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அக்கா காது வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு பெட்டியைத் தானே பரண்மேல் தூக்கப் பார்த்தாள், அம்மா திட்டிப் பிடுங்கினாள்.

கொக்கிக்கு ஒரு வாஷர் வைக்க வேண்டும். குச்சி இன்னும் இரண்டு சாக்கு சலிக்க வேண்டும். கருது கொஞ்சம் மீதி.

தொண்டை கட்டியிருக்கிறது. இதை முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் வந்து நின்று, "கருது கீதா?" என்கிறார். நைனா டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார், திரும்பவில்லை. வந்தவர் என்னைத்தான் கேட்கிறார்.