பக்கம் திருப்பிய நேரம்

அத்தை,

ரேஷன் கார்டைத் தேடிப் பரணில் ஏறியபோது உன் எக்ஸ்ரே உறை கையில் தட்டுப்பட்டது. வீட்டில் யாரும் இல்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன் முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் முன்பக்கம் நசுங்கியிருந்தது. அதைச் சுற்றி டாக்டர் பென்சிலால் போட்ட வட்டம் இன்னும் அழியவில்லை.

ஓசூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் கம்பெனியில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. எட்டு மணி நேரம் குனிந்தே உட்கார்ந்துவிட்டு வந்து, பாயில் குப்புறப் படுப்பாய். "வாடி வாத்தியாரம்மா, ஏறி மிதி" என்பாய். நம் தெருவில் ஷிஃப்ட் முடிந்து வரும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள்தான் முதுகு மிதிப்பார்கள். அப்பாவுக்கும் மிதித்திருக்கிறேன். உனக்கு மிதிக்கும்போது மட்டும், ஒரு கையில் ஜன்னல் கம்பியும் மறு கையில் நூலகப் புத்தகமுமாக நின்று உரக்கப் படிப்பேன்.

"கோழிக்குஞ்சு கணக்கா இருக்கே. கொஞ்சம் அழுத்தித்தான் மிதியேன்."

"உனக்குக் கதை வேணுமா, மிதி வேணுமா?"

"ரெண்டும்தான். அந்தப் பொண்ணு ஆத்தைத் தாண்டினாளா இல்லியா, அதைச் சொல்லு."

பிறவியிலேயே உனக்கு ரத்தத்தில் கோளாறு என்பது எல்லோருக்கும் தெரியும். தலசீமியா என்ற பெயரை ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து எழுத்துக்கூட்டி வீட்டுக்குச் சொன்னவள் நான். நீ வெளுத்துப்போனால் அப்பா அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்கு அழைத்துப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவார். ரத்தத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தோம். முதுகுவலி வேலையால் வருவது என்று விட்டுவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கதையில் அந்தப் பெண் ஆற்றின் நடுவில் இருந்தாள். பக்கம் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. கம்பியை விட்டேன். என் பாரம் முழுவதும் ஒரு குதிகால் வழியாக உன் முதுகின் நடுவில் இறங்கியது. சுள்ளி ஒடிவதுபோல் ஏதோ ஒன்று. அது காதில் கேட்டதா, காலில் உணர்ந்தேனா என்று இன்றும் தெரியவில்லை. நீ கத்தவில்லை. "இறங்கு கண்ணு, மெதுவா இறங்கு" என்றாய்.

பெங்களூர் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, பித்ரா? கீழ விழுந்தீங்களா?" என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழில் கேட்டார்.

"இல்ல சார். தண்ணிக் குடம் தூக்கினேன்."

"உன்னை யாரு தூக்கச் சொன்னது? வீட்ல ஆள் இல்லியா?" என்று அப்பா பாய்ந்தார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்த நோயில ரத்தம் சீக்கிரம் அழியுது" என்றார் டாக்டர். "புதுசா உண்டாக்க எலும்புக்குள்ள மஜ்ஜை பெருத்துப்போகுது. அதனால எலும்பு மெலிஞ்சிடுது. இது ஒடியக் குடம் வேணாம்மா, பலமா இருமினாலே போதும்." பால், கேழ்வரகு, காலை வெயில் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில், "முதுகை யாரும் நீவக்கூடாது, மிதிக்கக்கூடாது" என்றார். இருமினாலே போதும் என்றதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசி வார்த்தை அதையும் பிடுங்கிக்கொண்டது.

அரை மணிக்கு மேல் உன்னால் உட்கார முடியவில்லை. கம்பெனியில் உன் இடத்துக்கு வேறு பெண் வந்தாள். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் என்னை நிறுத்தி, "பாரு, ரெண்டு பேரும் ஒரே உசரம் ஆயிட்டோம்" என்று சிரித்தாய். நான் அழுதபோது என் வாயைப் பொத்தினாய்.

"அண்ணன்கிட்ட சொல்லாதே. சொன்னா காலம்பூரா எல்லாரும் உன் காலைத்தான் பாப்பாங்க."

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. இரண்டே நாளில் போய்விட்டாய்.

நான் இன்னும் சொல்லவில்லை, அத்தை. அப்பா முதுகு மிதிக்கக் கூப்பிட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்கிறேன். "பத்தாவது போனதும் பெரிய மனுஷி ஆயிட்டா" என்று அவர் அம்மாவிடம் குறைப்படுகிறார். குழாயடியில் நான் குடத்தைத் தூக்கும்போதெல்லாம் அம்மா பதறுகிறாள். "பாத்துடி, உங்கத்தை மாதிரி பண்ணிக்காதே."

சரிம்மா என்கிறேன். அதற்கு வேறு என்ன சொல்லலாம் என்று உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும்.