பேச்சுக்கும் ஒரு பகடை

மயிலாப்பூர்,
16-11-1997

சிரஞ்சீவி வர்ஷினிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம், குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மழை பலமாக இருக்கிறது, கச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீர். பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரை வந்துவிட்டது, அம்மா ஏறிப் பார்த்துவிட்டு ஸ்டேஷன்தான் பெரிசு, ஜனத்தைக் காணோம் என்றாள். போன வருஷம் ஒரு விளையாட்டுப் புத்தகம் அனுப்பினாயே, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டிக் கதை நடத்துவது, அதை வைத்து இங்கே ஒரு சமாசாரம் நடந்தது. உன் தங்கை ஸஹானாவுக்குப் பரீட்சை, அதனால் நான் எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் ஸஹானாவோடு படிக்கும் இரண்டு பேர் வந்து நம் சாப்பாட்டு மேஜையில் விளையாடுகிறார்கள். கதை நடத்துவது ஸஹானா. அடையாறிலிருந்து வரும் மணிமொழி போர்வீராங்கனை. வடபழனி ஜவஹர் ராஜாவின் தூதன். ஜவஹருக்குப் பேச்சு திக்கும், இருந்தும் தூதன் வேஷத்தை அவனேதான் கேட்டு வாங்கிக்கொண்டான். வெள்ளத்துக்குத் தப்பி வந்த ஊர்க்காரர்களை உள்ளே விடும்படி கோட்டைத் தலைவனிடம் தூதன் கேட்க வேண்டிய இடம் வந்தது. உன் புத்தகத்தில் வாள் வீசப் பகடை உண்டு, பேச்சுக்குக் கிடையாதாம், வாயால் பேசித்தான் காட்ட வேண்டும். ஜவஹர் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். மணிமொழி பொறுக்காமல் மீதி வாக்கியத்தை அவளே சொல்லி முடித்தாள், பிறகு இரண்டு பெண்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாகத் தெரியவில்லை. அவன் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனவன், அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. காலேஜிலும் ஸஹானாவைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டானாம்.

இவள் நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்து புது விதி எழுதினாள். பேசுவதும் ஒரு திறமை, அதற்கும் புள்ளி உண்டு. வேண்டியவர் வாயால் பேசலாம், வேண்டாதவர் என்ன சொல்கிறோம் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பகடை உருட்டலாம். மணிமொழிக்கு ஒரே கோபம். அப்ப நான் வாய் வலிக்கப் பேசறது எதுக்குடி, கட்டைய உருட்டிட்டுப் போயிடலாமா என்றாள். நீ சண்டை போடறப்ப நிஜமா வாள் தூக்கிண்டா வர்றே என்று ஸஹானா திருப்பிக் கேட்டாள். அடுக்களையிலிருந்து அம்மா, இவனுக்காகன்னு ஒரு விதி பண்ணினா அவன் நம்மாத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டான், எல்லாருக்கும் ஆகறாப்பல பண்ணு என்றாள். அதன்மேல் நீச்சல், குதிரையேற்றம், பூட்டுத் திறப்பது, பொய் சொல்வது எல்லாம் சேர்ந்தன. ஆளுக்கு இவ்வளவு புள்ளி, அவரவர் இஷ்டப்படி பிரித்துக்கொள்ளலாம், ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறையும். மணிமொழியே ஜவஹருக்குப் போன் செய்து, ரூல்ஸ் மாத்திட்டோம், உன் புள்ளிய நீயே வந்து பிரிச்சுக்கோ, நான் சிரிச்சது தப்புதான் என்றாள். அவன் ஞாயிற்றுக்கிழமை நனைந்துகொண்டே வந்து நின்றான்.

பேச்சுக்குப் பதின்மூன்று புள்ளி வைத்தான். மூன்று பகடையும் சேர்ந்து அதற்குமேல் போகாவிட்டால் ஜெயம், சுலபம்தான். கைக்குழந்தைங்க கீது, கதவைத் தொறங்கன்னு சொல்றேன் என்றான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று, மணிமொழி பல்லைக் கடித்துக்கொண்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருட்டினான். பதினேழு வந்தது. நான் பேப்பரைப் பார்ப்பதுபோல் இருந்தேன். அவன் பகடையைக் கையில் எடுத்துப் பார்த்து, இன்னாடா இது, கட்டைக்கே திக்குதே என்றான். அதற்கும் நேரம் எடுத்தது, யாரும் முடித்துக் கொடுக்கவில்லை. முதலில் சிரித்தவன் அவன்தான். கோட்டைக் கதவு திறக்கவேயில்லை. ஜனங்களை மணிமொழி நீந்தி அக்கரை சேர்த்ததாகக் கதை போயிற்று. ஆறரை மணி வரை ஒரே கூச்சல்.

எனக்கு அந்த விளையாட்டு இன்னமும் பிடிபடவில்லை. ஒருமுறை தோற்ற தூதன் அதே ஆளிடம் மறுபடி கேட்கலாமா என்று இப்போது தகராறு. ஸஹானா கூடாது என்கிறாள், ஜவஹர் கேட்டே தீருவேன் என்கிறான். அங்கே உங்கள் வழக்கம் என்ன என்று எழுது. ரொட்டியையே தின்றுகொண்டிருக்காமல் சாதம் வடித்துச் சாப்பிடு. சுவாமிநாதன் மாமாவுக்கு இந்த மாதம் அறுபதாம் கல்யாணம், மறக்காமல் போன் செய். தீர்க்காயுசாக, மனசுக்குப் பிடித்த சிநேகிதர்களோடு இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
சங்கரன்