இடது காலில் கட்டிய காப்பு

தம்பி,

சிட்னியில் நாலு நாளாக மழை. துவைத்த கம்பளி காயவில்லை என்று காரேஜுக்குள் கொடி கட்டிப் போட்டிருந்தேன். இன்று காலை கதவைத் திறந்ததும் அந்த ஈரக் கம்பளி வாடை முகத்தில் வந்து மோதியது. ஒரு நொடி நான் பிஜியில், நம் சிகடோகாவில், உன் குதிரைக் கொட்டகையில் நின்றேன். கையிலிருந்த கூடையை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் சாவுக்கு வந்தபோது அழாதவள் ஒரு கம்பளிக்கு அழுகிறேன். நீ இருந்திருந்தால் இதற்கும் சிரித்திருப்பாய்.

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்தவரை போனில் கத்தினேன், அதோடு சரி. நமக்குள் பேச்சு முக்கால்வாசி ஹிந்திதான், சண்டை முழுக்க ஹிந்திதான். அம்மா நம் இரண்டு பேரையும் கோயில் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன், நீ ஆற்றுக்கு ஓடிவிட்டாய். ஆனாலும் தமிழை வாயில் வைத்திருந்தவன் நீதான். அப்பா ஏர்மாட்டிடம் பேசிய தமிழில் நீ குதிரைகளிடம் பேசினாய். "வாம்மா, மெதுவா வா, உன்னெ யாரு வெரட்டறா?" என்று செவலையிடம் நீ சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். இந்தக் குரலில் ஒரு நாளாவது என்னிடம் பேசியிருக்கிறானா இவன் என்று நினைப்பேன்.

உன்னிடம் மூன்று குதிரைகள். ராஜு, மோத்தி, செவலை. கடற்கரை ஓட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி, மணலில் ஒரு மணி நேரம் நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருவாய். அந்த ஓட்டலின் முன்மேஜையில் எனக்கு வேலை. நான் சீட்டுக் கிழிப்பேன், நீ கடிவாளம் பிடிப்பாய். ஒரு சவாரி முடிந்தால் அரை மணி ஆராம் கொடுக்காமல் அடுத்த ஆளை ஏற்ற மாட்டாய். சேணத்தைக் கழற்றுவாய், முதுகைத் தடவுவாய், தண்ணீர் காட்டுவாய். அங்கே என் மேஜை முன்னால் ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். ஆள் நிற்கிறார்களே என்று நான் பல்லைக் கடித்தால், "நிக்கட்டும் அக்கா, அவங்க முதுகுல யாரும் ஏறல" என்பாய். உனக்கு மூத்தவள் என்ற திமிரில் நான் ஒன்றுக்கு ஒன்பது பேசுவேன். நீ வேலையை முடித்துவிட்டுத்தான் வருவாய்.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஓட்டல் காலியானது. கடற்கரையில் நாய்கூட இல்லை. நாமெல்லாம் வானொலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். நாட்டிலேயே சந்தோஷமாக இருந்தவை உன் மூன்று குதிரைகள்தான், சேணமே இல்லாமல் புல் மேய்ந்து கொழுத்தன. ஒரு நாள் குவீன்ஸ் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திய சிப்பாய்கள், இந்தியன் என்று என் வீட்டுக்காரரை இறக்கி வெயிலில் நிற்கவைத்தார்கள். அடிக்கவில்லை, நிற்கவைத்தார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆஸ்திரேலியா போகிறோம் என்று சொல்லிவிட்டார். விசாவுக்கு எழுதிப்போட என் வேலைக்கு ஓட்டல் மானேஜர் ஒரு நற்சான்றுக் கடிதம் தர வேண்டியிருந்தது. அந்தக் கடிதம்தான் எனக்கு அப்போது சாமி.

அறை வாடகையைப் பாதியாகக் குறைத்ததும் ஓட்டலுக்குக் கூட்டம் திரும்பி வந்தது. திருவிழாக் கூட்டம். ஓட்டல் உனக்குப் புதுச் சேணங்கள் வாங்கிக் கொடுத்தது. படத்தில் பார்க்க அழகாக இருக்கும். செவலையின் முதுகுக்கு அது பொருந்தவில்லை. மாதக்கணக்கில் சுமை காணாத முதுகு வேறு. நாலே நாளில் பிடரி முடிகிற இடத்தில் தோல் உரிந்து, விரல் நுனி அளவுக்குப் புண் வந்துவிட்டது.

அது தீமிதி நேரம். குடும்பம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நீ வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தாய். கட்டியவர்கள் பத்து நாளும் கோயிலிலேயே தங்க வேண்டும் என்பதால் குதிரைகளை என்னிடம் ஒப்படைத்தாய். ராஜுவும் மோத்தியும் போகலாம், செவலை போகக் கூடாது என்றாய். சரி சரி என்றேன். அந்தச் 'சரி சரி' எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? மஞ்சள் தடவிய நூலில் மஞ்சள் கிழங்கைக் கோத்து, செவலையின் முன்னங்காலில் மூன்று முடிச்சுப் போட்டாய். குதிரைக்கு யாராவது காப்புக் கட்டுவார்களா என்று நான் சிரித்தேன்.

"உன் வாய்க்கு என்னால பதில் சொல்ல முடியாது அக்கா. இப்ப இது ஆத்தாவோட பொண்ணு. சேணம் வைக்கணும்னா நீ ஆத்தாகிட்ட கேட்டுக்க."

காப்புக் கட்டின உடம்பு வேலைக்குப் போகாது என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். என்னைக் கட்டிப்போட வேறு வழி இல்லை என்றுதான் நீ அப்படிச் செய்தாய்.

ஆறாம் நாள் மானேஜர் கூப்பிட்டார். அப்பா, அம்மா, மகள் என்று ஒரு குடும்பம், மூன்று பேரும் சேர்ந்து சவாரி போய்ப் படம் எடுக்க வேண்டுமாம். மூன்று குதிரை இருக்கும்போது ஏன் இரண்டுதான் என்கிறாய் என்று கேட்டார். என் கடிதம் தட்டச்சாகி அவர் மேஜையில் கிடந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் என்னை மிரட்டவில்லை. அப்படிச் சொல்லி உன்னிடம் தப்பிக்கப் பார்க்க மாட்டேன். முடியாது என்று சொல்லியிருந்தாலும் அவர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். நான் சொல்லிப் பார்க்கவே இல்லை, தம்பி.

சீட்டு வெட்டும் கத்தரிக்கோலோடு கொட்டகைக்குப் போய்க் காப்பை அறுத்தேன். புண் அழுந்தாமல் இருக்கட்டும் என்று கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் சேணத்தை இறுக்கினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. கடித்த செருப்புக்குள் இன்னும் ஒரு காலுறையைத் திணித்தால் இன்னும் அதிகமாகத்தானே கடிக்கும்? செவலை துள்ளியிருந்தால், உதைத்திருந்தால், இறக்கிவிட்டிருப்பேன். அது காதை மட்டும் பின்னால் மடித்துக்கொண்டு, நீ பழக்கிய மாதிரியே, ஒரு மணி நேரம் தூறலில் நடந்தது. ஏறியிருந்த மகள் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் பிஜிக்காரர்கள் மாதிரி பூலா பூலா என்று வணக்கம் சொல்லிக் கையாட்டினாள்.

திரும்பி வந்து சேணத்தைக் கழற்றினேன், கம்பளி வரவில்லை. நனைந்து புண்ணோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றி எடுத்தேன். விரல் நுனி அளவுப் புண் உள்ளங்கை அளவாகியிருந்தது. செவலை கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. உன்னிடம் ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். விரதத்தில் இருப்பவன் மனசு கலங்கினால் தீயில் கால் சுட்டுவிடும் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். வேறு ஒரு நூலில் மஞ்சளைத் தடவி, கிழங்கைக் கோத்து, நானே ஒரு காப்புக் கட்டிவிட்டேன்.

கங்கில் நடந்துவிட்டு மறுநாள் நீ கொட்டகைக்கு வந்தாய். காலில் ஒரு கொப்புளம் இல்லை. நெற்றியில் விபூதி, முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். செவலையைப் பார்த்தாய், குனிந்து அதன் காலைப் பார்த்தாய்.

"அக்கா, பொம்பளைக்கு எந்தக் கையில காப்புக் கட்டுவாங்க?"

இடது கையில் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. நீ கட்டியது இடது முன்னங்காலில். நான் அவசரத்தில் வலது காலில் கட்டியிருந்தேன்.

நீ திட்டவில்லை. ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். நூலை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டுப் புண்ணைக் கழுவ உட்கார்ந்தாய். "வலிக்குதாம்மா?" என்று கேட்டாய், அதனிடம்தான். மறுநாள் ஓட்டலின் சேணங்கள் மூன்றையும் தோளில் சுமந்துகொண்டு வந்து என் மேஜை மேல் வைத்துவிட்டு, மானேஜரிடம் இனி இந்த ஓட்டலுக்கு என் குதிரைகள் வராது என்று சொல்லிவிட்டுப் போனாய். என் கடிதத்தில் அதற்குள் கையெழுத்து விழுந்திருந்தது.

அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. ஆறின இடத்தில் முடி வெள்ளையாக முளைத்தது. நாங்கள் கிளம்பும் நாள் நந்தி விமான நிலையத்தில், நான் எழுதிப்போடுகிறேன், நீயும் வந்துவிடு என்றேன். செவலைக்கு முதுகு நன்றாக ஆறட்டும் என்றாய். அப்புறம் அதையே வருடா வருடம் சொன்னாய். ஆறு கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி என்பார்கள், நான் கடலே கடந்துவிட்டேன். மறுபடி ஆட்சியைக் கவிழ்த்தபோது, போதும் வாடா என்று போனில் கத்தினேன். அந்த வருடம் ஊரைவிட்டுப் போனவர்கள் தங்கள் குதிரைகளை உன் வேலியில் கட்டிவிட்டுப் போனார்கள். உன் பெண்டாட்டி சரோஜா, இவர் குதிரைக்கு மட்டும் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார் என்று என்னிடம் புலம்புவாள். நல்ல முதுகுள்ள இரண்டை மட்டும், வெயில் தாழ்ந்த பிறகு, நீயே தைத்த சேணம் போட்டு சவாரிக்கு விட்டாய். சவாரி முடிந்ததும் ஏறினவரே சேணத்தை இறக்கி, வெறும் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வைக்காதவருக்கு உன்னிடம் இரண்டாவது சவாரி கிடையாது.

மன்னித்துக்கொள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. செவலை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்பேன். "நல்லா இருக்கா, உன்னெ விசாரிச்சா" என்பாய். அது செத்த அன்று நீயாகவே போன் செய்து, கடைசி வரைக்கும் யாரும் மேலே ஏறவில்லை அக்கா என்று சொன்னாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நீ வருடா வருடம் தீமிதித்ததை உன் பக்தி என்றுதான் நினைத்திருந்தேன். முழங்கால் வீங்கிய பிறகும் எதற்கு இந்த வம்பு என்று திட்டியிருக்கிறேன். உன் காரியம் முடிந்த அன்று சரோஜாதான் சொன்னாள். நான் போன மறுவருடம், உன் வேண்டுதல்தான் போன வருடமே முடிந்ததே, மறுபடி எதற்குக் காப்பு என்று பூசாரி கேட்டாராம்.

"எங்க அக்கா அவசரத்துல ஒரு காப்ப அறுத்துட்டா சாமி. அவ கடல் தாண்டிப் போயிட்டா. அவளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. அவ காலுக்குப் பதிலா என் காலு."

முப்பது வருடத்துக்கு மேல், ஒவ்வொரு வருடமும். அடப்பாவி, ஒரு வார்த்தை என்னிடம் சொன்னாயா?

போன வாரம் சரோஜா கூப்பிட்டாள். இந்த வருடம் உன் மகள் காப்புக் கட்டுகிறாள். கோயிலில் பத்து நாளும் சமையல் சரோஜாவுக்கு. மிச்சமிருக்கும் ஐந்து குதிரைகளையும் யார் பார்ப்பது என்று தெரியவில்லை, பக்கத்து ஓட்டல்காரர் வேறு, எங்களிடம் விடுங்கள், விடுமுறைக் கூட்டத்துக்கு ஆகும் என்று வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள். நான் வருகிறேன் என்றேன். டிக்கெட் போட்டாயிற்று.

தீயில் இறங்க எனக்குத் தைரியம் கிடையாது, உன்னிடம் அதில் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பத்து நாளும் நான் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுப் பார்ப்பேன். ஓட்டல்காரர் வந்து கேட்டால் முடியாது என்று சொல்லுவேன், தம்பி. எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுவேன்.

உன் அக்கா