கோட்டுக்குள் தைத்த பச்சைத் துணி

கம்பம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

அன்புத் தம்பி ஷானவாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் அம்மாவும் நானும் இங்கே சுகம், நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா மதியத்திலிருந்து தஸ்பீஹ் மணியைக் கையை விட்டு இறக்கவில்லை. இது அம்மாவின் கடிதம், எழுதுகிற கை மட்டும் கலீலுடையது. அவர்களே எழுத உட்கார்ந்தார்கள், இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை, பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வீட்டுச் செய்தியெல்லாம் முதலில் எழுது, விஷயத்தைக் கடைசியில் மெதுவாகச் சொல், பிள்ளை பதறிவிடுவான் என்கிறார்கள். எனக்கு அப்படி எழுத வராது. கம்பெனி உனக்குக் கொடுத்த தீயணைப்புக் கோட்டை இனிப் போடாதே. சைரன் அடித்தாலும் போடாதே. போட்டுக்கொண்டு நிற்கும்போது இந்தக் கடிதம் கைக்கு வந்தால் கழற்றி வைத்துவிட்டு மீதியைப் படி.

காரணம் சொல்கிறேன். பக்ரீத்துக்கு வந்தபோது அந்தப் புதுக் கோட்டை என்னிடம் பார்க்கக் கொடுத்தாய். ரூமில் வைத்தால் ஆள் மாற்றி எடுத்துப் போய்விடுகிறார்கள் என்று படுக்கை மாதிரிச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாய். கோயமுத்தூரில் துணி சோதிக்கிற லேபில் எனக்கு நாள் முழுக்க இதே வேலைதான் என்பதால் லேபிளைப் புரட்டி, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, அதோடு லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை அரசாங்க ஆப்பில் போட்டு, தயாரித்த கம்பெனியும் பொருளும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தேன். முத்திரை இல்லாமல் இந்த உடையை விற்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகும், கண்ட துணியில் ஆரஞ்சுச் சாயம் ஏற்றி, மின்னுகிற பட்டை ஒட்டித் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உன்னுடையது அப்படி இல்லை. நல்ல கோட்டு, நம்பிப் போடு என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு அது சரி. மறுநாள் நான் கோயமுத்தூர் போய்விட்டேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

இப்போது லீவில் வந்திருக்கிறேன். இன்றைக்குத் தொழுதுவிட்டு வரும் வழியில், நீளம் குறைக்கக் கொடுத்திருந்த பேன்ட்டை வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் டெய்லர் சின்னக்கருப்பு கடைக்குப் போனேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, தம்பி கோட்டு எப்படிப்பா இருக்கு, ரெண்டு ஊசிய முறிச்சுப்புட்டுல்ல போச்சு, தோலா கம்பளியான்னே வெளங்கல, அம்புட்டுக் கெட்டி என்றார். எந்தக் கோட்டு, என்ன தைத்தீர்கள் என்றேன். ஒங்க அம்மாதேன் பச்சைத் துண்டு ஒண்ணக் கொண்டாந்து நெஞ்சுப் பக்கம் உள்ளாற வச்சுத் தச்சுக் குடுன்னாக, பிள்ள கூட்டாளிக பார்த்தா வெக்கப்படுவான், வெளிய தெரியக் கூடாதுன்னாக, நாலு பக்கமும் ரெட்டைத் தையல் ஓட்டியிருக்கேன், எந்தச் சென்மத்துக்கும் பிரியாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவரைத் திட்டிப் பயன் இல்லை. பேன்ட்டைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா ரவை வறுத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்குள் என்ன வைத்துத் தைத்தீர்கள் என்றேன். கரண்டியை நிறுத்தவே இல்லை. தர்காவுல போத்துன போர்வைத் துணிடா, ஒங்க அத்தா மேகமலைக்கு ஜீப்பு ஓட்டுன அத்தன வருசமும் சட்டப் பையில வச்சுத்தேன் அனுப்புனேன், ஒரு கீறல் இல்லாம வந்தாகள்ல, நெருப்புக்குள்ள போற பிள்ளைக்கு வைக்காம வேற யாருக்கு வைக்கிறது என்றார்கள். அத்தாவுக்கு வைத்தது பருத்தித் துண்டு, அதுவும் ஜீப் ஓட்டுகிறவருக்கு. இப்போது போர்த்துகிறது எல்லாம் பளபளவென்ற சாட்டின், அசல் பாலியஸ்டர், நீ இருக்கும் குஜராத்திலிருந்தே வந்திருக்கும். மீதித் துணி பீரோவில் இருந்தது. அம்மாவிடம் கேட்டுவிட்டு அதில் ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினேன். சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகி அடுப்பு மேடையில் சொட்டி ஒட்டிக்கொண்டது. பிறகு அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் ஒரு நூலை எடுத்துக் காட்டினேன், எரிந்து சாம்பலாகி உதிர்ந்தது. அம்மா அந்தக் கறுப்பு மணியைத் தொட்டுப் பார்த்தார்கள், சூடு ஆறவில்லை, விரலில் ஒட்டி இழுத்துக்கொண்டு வந்தது. சின்னக் கொப்புளம்தான், பற்பசை தடவியிருக்கிறார்கள். ரவை கருகியது. கொப்புளத்தால்தான் பேனா பிடிக்க முடியவில்லை என்று எழுதச் சொல்கிறார்கள். கொப்புளம் இடது கையில்.

துணியின் பரக்கத்தை, அதில் இருக்கிற அருளைப் பற்றி நான் பேச வரவில்லை, நூலைப் பற்றிப் பேசுகிறேன். கோட்டு மூன்று அடுக்கு. வெளியே தீப்பிடிக்காத துணி, நடுவில் தண்ணீரும் கொதிக்கும் நீராவியும் நுழையாத மெல்லிய படலம், உள்ளே சூட்டைத் தாமதப்படுத்துகிற அடுக்கு. லேபில் ஒவ்வொன்றையும் துவைத்துத் துவைத்துத் தீயில் காட்டுவோம், ஓட்டை விழுகிறதா, உருகிச் சொட்டுகிறதா, அடுப்பில் வைத்தால் சுருங்குகிறதா என்று பார்ப்போம், தைக்கும் நூலைக்கூடத் தனியாகச் சூடு காட்டிப் பார்ப்போம், நூல் உருகினால் அந்தக் கோட்டே போச்சு. சின்னக்கருப்பு உள் அடுக்கையும் நடுப் படலத்தையும் சேர்த்துச் சாதா நூலில் ஓட்டியிருக்கிறார். நெஞ்சுக்கு நேரே சல்லடை மாதிரி ஊசி ஓட்டை, அதன் நடுவில் உருகுகிற துணி. நம் ஊர்க் கர்ணன் தோளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாயே, கோடையில் மலைச்சரிவில் புல் எரிந்தபோது பச்சைக் கொப்பை ஒடித்து அடிக்கப் போனவன், அவன் போட்டிருந்தது வெறும் பாலியஸ்டர் டீ-ஷர்ட். தீ அவனைத் தொட்ட இடத்தைவிட டீ-ஷர்ட் உருகி ஒட்டிய இடம்தான் இன்னும் ஆறவில்லை. தினக்கூலிக்கு நெருப்பணைக்கப் போகிறவனுக்குக் கோட்டும் கிடையாது, முத்திரையும் கிடையாது, அது வேறு கதை. உனக்குச் சட்டப்படி எல்லாம் கிடைத்தது, நம் வீட்டுக்கு வந்துதான் கெட்டது.

துண்டைப் பிரித்து எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று நினைப்பாய், உன்னை எனக்குத் தெரியும். கூடாது. துண்டு போனாலும் ஓட்டை இருக்கும், அதை டேப் ஒட்டி அடைக்கிற வேலையும் வேண்டாம். சட்டம் ஆலைக்குப் போய் மாதிரி எடுக்கும், கடைக்குப் போய் முத்திரை பார்க்கும், பீரோவைத் திறந்து அம்மா என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காது. முத்திரை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, லேபிளைப் பார்த்து உன் ஆபீசர் உன்னை உள்ளே அனுப்புவார், எனக்கு அதுதான் பயம். அதனால் நீயே போய்ச் சொல். கோட்டில் வெளி டெய்லர் தையல் போட்டுவிட்டார், இனி அது தரத்தில் இல்லை, வேறு கொடுங்கள் என்று சொல். கொடுக்கும் வரை வெளியே பம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல். உன்கூட வேலை பார்க்கிற தமிழ்மாறன் கோட்டை இரவல் வாங்காதே, உனக்குக் கொடுத்துவிட்டு அவன் எதைப் போடுவான். தமிழ்மாறனைத் தனியாக உள்ளே அனுப்ப முடியுமா என்று கேட்பாய், முடியாது, அதையும் ஆபீசரிடமே சொல், அவர் பார்க்க வேண்டிய வேலை அது. ஒடிசாப் பையன்கள் கோட்டு முதுகில் பெயரைத் தைத்து வைத்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, எந்த நூலில் என்று யாராவது கேட்டார்களா, அவர்களையும் கேள்.

இதைக் கடிதத்தில் எழுதுகிறேனே, போனில் சொன்னால் என்ன என்பாய். டெய்லர் கடை வாசலிலிருந்தே அடித்தேன். ஆலையை நிறுத்தி டேங்கைக் கழுவி வெல்டிங் பார்க்கிற ஷட்டவுன் வேலை முடிகிற வரை உள்ளேயே தங்கல், போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நீ அம்மாவிடம் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வெல்டிங் நடக்கிற இடத்தில் உன்னைக் கோட்டோடு காவலுக்கு நிறுத்துவார்கள் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. கேட் ஆபீஸுக்கு அடித்து எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாம் சொன்னேன். அந்த ஆள் சரி, சரி, சொல்லிவிடுகிறேன் என்றார். யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கவே இல்லை. திரும்ப அடித்து உன் பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டதாகச் சொல்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை. நல்ல வேளையாக அமானுல்லா மாமா ஏலக்காய் விஷயமாக அந்தப் பக்கம் போகிறார், சாயங்காலம் மதுரைக்கு பஸ் ஏறுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு குஜராத்தி நன்றாக வரும். உன்னை வெளியே கூப்பிடும் வரை கேட்டை விட்டு நகர மாட்டார். நடுவில் உள்ள நேரத்தை நினைத்தால்தான் இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை.

இதெல்லாம் எழுதாதே, பட்டன் சரியில்லை, மாற்றித் தைக்க வேண்டும், மாமாவிடம் கொடுத்துவிடு என்று மட்டும் எழுது என்று அம்மா முதலில் சொன்னார்கள். அந்தக் கோட்டில் பட்டனே இல்லை, ஜிப்புதான் என்றேன். அப்ப ஜிப்புன்னு எழுதேன், ஒனக்குச் சொல்லித்தரணுமா, ஊருக்கெல்லாம் துணி சோதிக்கிறவன்தானே என்று என்மேல் பாய்ந்தார்கள். பொய் சொன்னால் நீ அடுத்த ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று போட்டுக்கொண்டு போவாய், அதனால் உண்மையை எழுதுகிறேன் என்றேன். கோட்டைக் கெடுத்தான் என்று காண்ட்ராக்டர் உன்னை அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்பது அவர்களுக்கு இன்னொரு கவலை. போனால் போகட்டும், ஊருக்கு வரட்டும் என்றேன். வேலய விட்டுட்டு வான்னு மட்டும் எழுதிப்புடாத, அவன் ஆசப்பட்டுப் போன வேல, ஒனக்கு ஒரு லேபு மாதிரி அவனுக்கு அது என்றார்கள். சரி, எழுதவில்லை. எதையாவது சொல்லிக் கோட்டை மாற்ற மாட்டோம் என்றால் அந்தப் பேச்சை எனக்கு அனுப்பு, யாருக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுச் செய்தி. உத்தமபாளையத்தில் நிலோபர் அக்கா மகள் சுவரைப் பிடித்து நிற்கிறாள், கண்ணில் படுகிற சுவிட்சையெல்லாம் தட்டுகிறாள், ஷானவாஸ் மாமா என்றால் நெருப்பு வண்டி என்று கையைச் சுற்றிக் காட்டுகிறாளாம். வீரணன் தோட்டத்தில் பன்னீர் திராட்சை அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துப் பழம் வெடித்துவிட்டது, மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மாவுக்குச் சுகர் கூடியிருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்கிறார்கள், அட்டையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நீ போனில் கேட்டு அதட்டு, நான் அதட்டினால் கேட்பதில்லை. உனக்கு அம்மா சொல்லச் சொன்னது: வேலை நேரத்தில் தண்ணீர் நிறையக் குடி, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே, கோட்டுக்கு உள்ளே நைலான் பனியன் போடாதே. கடைசியது நான் சொன்னதில்லை, அவர்களாகவே சொன்னார்கள். மாமாவிடம் மூன்று பருத்திப் பனியன் கொடுத்து விட்டிருக்கிறார்கள்.

எழுதியது எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். எந்த வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. மீதிப் பச்சைத் துணியை மடித்துத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, இதை அவன் பேருக்கு நான் சொன்ன மாதிரியே எழுது என்றார்கள். எழுதுகிறேன்: ஏலே ஷானவாசு, ஒனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதேன் வச்சேன், வேற நெனப்பு இல்ல. துஆவ நான் இங்கன இருந்தே கேட்டுக்கிடுறேன், அதுக்கு ஊசி நூலு வேணாம். மாமா வந்த ஒடனே கோட்டக் கழட்டி அவுக கையில குடுத்துரு. குடுத்துட்டு மாமா போன்ல இருந்து ஒரு வார்த்த, குடுத்துட்டேம்மான்னு சொல்லு. அது கேக்குற வரைக்கும் எனக்கு இந்த வீட்டுல ஒரு வேலயும் ஓடாது.

உன் உடலையும் உயிரையும் படைத்தவன் பொறுப்பில் விட்டு, உன் நெற்றியில் முத்தம் வைத்து,

அம்மா ரம்லத்.

சொன்னதைச் சொன்னபடி எழுதியவன், அண்ணன் கலீல் ரஹ்மான். போன் செய்ய மறந்துவிடாதே.