மூக்குடைபட மூன்று உதிரிப்பாகம்

மாசி 4, வியாழன்

வாடை. இறங்குதுறைக் கிறேனுக்குக் கிறீஸ் பூச்சு. கை விறைப்பு.

எங்கள் வேலைக்குப் பொறுப்பான துரை இன்றும் கஸ்பாரின் தோளில்தான் தட்டினார். அவனும் நானும் கொழும்பில் ஒரே பட்டறையில் தொழில் படித்தவர்கள். வேலை என்னுடையது சுத்தம். வாய் அவனுடையது பெரிது.

மாதா கோயில் கோபுரத்து மணிக்கூடு மணி அடித்துக் கனகாலம். திருத்த முடியுமா என்று பங்குச் சுவாமி கேட்டதும் எல்லோர் முன்னாலும் கஸ்பார்: "ஞாயிறு பூசை முடிய அடிக்கும் சுவாமி. அடிக்காட்டி என்ர மூக்கை அறுங்கோ."

பிலோமினா (இனிமேல் பி.) சிரித்தாள். அவனைப் பார்த்து. என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

மாசி 5, வெள்ளி

சவர்க்காரம் முடிந்தது, வாங்க வேண்டும்.

கஸ்பார் சாப்பிடப் போன நேரம் மணிக்கூட்டைத் திறந்து பார்த்தேன். மணியடிக்கும் பக்கத்துச் சின்னச் சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது. மடையன் சுத்தியல் கம்பியை மாற்றிக்கொண்டிருக்கிறான். பல் வைக்காமல் அடிக்காது.

சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை.

மாசி 6, சனி

கிணற்றடியில் பெண்கள்:

"அடிக்காட்டி அவருக்கு நல்லா மூக்குடைபடும்."

"படட்டுமன். அந்த மூக்கு கொஞ்சம் நீளந்தான்."

பி.யின் குரலா? இல்லை.

அந்தச் சொல்லையே யோசித்தபடி வேலை. வெட்கம் தனியே இருந்தாலும் வரும். மானம் போவது பெரிய விஷயம், ஊரை விட்டே போகவேண்டி வரும். மூக்குடைபட மூன்று உதிரிப்பாகம்: முதலில் வாய்ப்பேச்சு, பிறகு கூட்டம், கடைசியில் சிரிப்பு. ஒன்று குறைந்தாலும் ஓடாது. தன் மூக்கு உடைந்ததென்று எவனும் தானாகச் சொல்வதில்லை, மற்றவர்கள்தான் சொல்வார்கள்.

நாளைக்கு மூன்றும் தயார்.

மாசி 7, ஞாயிறு

வெயில். புதுச் சட்டை. பூசை முடிந்து ஊரே முற்றத்தில் அண்ணாந்து நின்றது. முள் எட்டுக்கு வந்தது. ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். சிரிப்பு. சுவாமியும் சிரித்தார்.

கஸ்பாரும் சிரித்தான். "மூக்குடைபட்டுப் போனன் சுவாமி. எனக்கு விளங்கேல்ல. எங்கட சூசையைக் கேளுங்கோ, அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பி.யும். வாய் முந்திவிட்டது: "ஒரு பல்லு உடைஞ்சிருக்கு சுவாமி. நான் வெள்ளிக்கிழமையே பாத்தனான்."

பி. கேட்டாள்: "பாத்தும் அவருக்குச் சொல்லேல்லையோ?"

சிரிப்பு நின்றது, ஒவ்வொருவராய் வீட்டுக்கு நடந்தார்கள்.

மாசி 8, திங்கள்

பித்தளையில் பல் வைத்து அராவினேன். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டவன் கஸ்பார். கோபமே இல்லை, பாவி. மணி அடித்தது. பி. கிணற்றடியில்தான் நின்றாள். நிமிரவில்லை.

"விடு மச்சான். உனக்கு மூக்குடைபட்டதெண்டு ஊரில ஒருத்தரும் சொல்லேல்ல," என்றான்.

ஓம். அதற்கு யாராவது சிரித்திருக்க வேண்டும்.